ரங்கூன் சேதி கேட்ட தேவமணி

ஓசூர் கடைவீதிக்குப் பின்னால் இருந்த நடுநிலைப்பள்ளியில் தேவமணி ஆயாவாக வேலை பார்த்தாள். வகுப்புகளைக் கூட்டுவாள், பானைகளில் தண்ணீர் நிரப்புவாள், நேரத்துக்கு மணி அடிப்பாள். மிச்ச நேரம் தலைமையாசிரியர் வெங்கடப்பன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். வயது முப்பத்தொன்பது. புருஷன் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது.

1966ஆம் வருஷம் சித்திரையில் பாகலூர் சாலையோரம் பதினோரு குடும்பங்கள் வந்து இறங்கின. பர்மாவில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்து, கப்பலேறி மெட்ராசில் இறங்கி, முகாம் முகாமாக மாறி வந்த தமிழர்கள். சர்க்கார் போட்டுக்கொடுத்த ஓலைக் குடிசைகளை ஊரார் பர்மாக் கொட்டாய் என்றார்கள். அவர்கள் வந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு, தேவமணி அங்கே போய் நின்றாள். கொடுக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனாள்.

"ரங்கூன் மரமில்லுல ஜெபராஜுன்னு ஒருத்தனைத் தெரியுமாங்க? ஓசூர்க்காரன். ஒசரமா இருப்பான். எடது புருவத்து மேல தழும்பு."

ஜெபராஜ் அவளுடைய அண்ணன். பதினாறு வயதில் ஒரு மேஸ்திரியோடு கப்பலேறினவன். ஒரே ஒரு கடிதம் வந்தது. பிறகு யுத்தம் வந்தது, கடிதம் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அவனுக்கு வாய் திக்கும். பாடம் ஒப்பிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். வகுப்பே சிரிக்கும், வாத்தியாரும் சிரிப்பார். அது தாங்காமல்தான் பள்ளியை விட்டான், ஊரையும் விட்டான். அவனைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் உயரம் சொல்வாள், தழும்பு சொல்வாள். திக்குவாயை மட்டும் சொல்லமாட்டாள். அதைச் சொன்னால் இன்னொரு தரம் அவனை நாலு பேர் நடுவே நிறுத்தின மாதிரி இருக்கும் அவளுக்கு.

கொட்டாயில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். தேவமணி திரும்பிப் போகும்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தாள். பத்தொன்பது உருப்படிகள். ஜல்லி உடைக்கும் அம்மாக்களுக்குப் பக்கத்தில் தாங்களும் சின்னச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தன.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து தலைமையாசிரியர் அறை முன்னால் நிறுத்தினாள்.

"டி.சி. எங்கே?" என்றார் வெங்கடப்பன்.

"பர்மாவுல படிச்ச புள்ளைங்க ஐயா. டி.சி.க்கு எங்க போறது? கப்பல்ல எறங்கும்போது சர்க்கார் குடுத்த சீட்டு இருக்குது. பேரு, வயசு எல்லாம் எழுதி சீல் போட்டிருக்குது."

"அது பள்ளிக்கூடத்துக்குச் செல்லாதும்மா."

"நம்மூருப் புள்ளைங்களுக்கு என்ன பாத்துங்க வயசு போடறீங்க? தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொல்லித்தானே? சர்க்கார் சீலு அதைவிடத் தாழ்வாங்க ஐயா?"

வெங்கடப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சேர்க்கைப் புத்தகத்தை எடுத்தார். ஆனால் தமிழ் எழுத்து தெரியாததால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒன்றாம் வகுப்பு என்று எழுதினார்.

பூங்காவனத்துக்குப் பன்னிரண்டு வயது. கொட்டாயில் ராஜாத்தி என்பவளின் மூத்த பெண். ஐந்து வயதுக் குழந்தைகள் நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். நான்காம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தேவமணி போய்க் கேட்டதற்கு பர்மாவிலிருந்து கொண்டுவந்த பழைய கணக்கு நோட்டை எடுத்து நீட்டினாள்.

அதை வாங்கிக்கொண்டு போய் வெங்கடப்பன் மேஜையில் வைத்தாள் தேவமணி. பக்கமெல்லாம் வட்டம் வட்டமான பர்மிய எழுத்து. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணை வரவழைத்து, எந்த வட்டம் எந்த எண் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு நெடுவகுத்தலை எடுத்து, வாய்க்குள் தெலுங்கில் எண்ணிக்கொண்டே கடைசிவரை போட்டுப் பார்த்தார். விடை சரியாக இருந்தது. அடுத்ததும் சரியாக இருந்தது.

"அஞ்சாம் வகுப்புல உட்காரு. மூணு மாசத்துல தமிழ் வாசிச்சுக் காட்டினா ஆறு" என்றார்.

பிள்ளைகள் தனியாக வரப் பயந்தார்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டு வழியில் பையன்கள் கேலி செய்தார்கள். அதனால் தினமும் காலையில் தேவமணியே கொட்டாய்க்குப் போய்க் கூட்டிவந்தாள். போகிற நேரத்தில், புதிதாக யாராவது வந்திருந்தால், ஜெபராஜைப் பற்றிக் கேட்காமல் திரும்பமாட்டாள்.

ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த ஐந்து நாளும் பர்மாப் பிள்ளைகள் ஒருவர்கூடப் பள்ளிக்கு வரவில்லை. ஆறாம் நாள் தள்ளாடிக்கொண்டு போனவளை ராஜாத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கண்ணனை நான் பாத்திருக்கேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ரங்கூன் சர்ச்சுல வேதம் வாசிப்பாரு. கணீர்னு, தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

தேவமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் அவள் அவளாக இல்லை. திக்கல் போயிருக்குமோ? தண்ணி மாறினால், கேலி செய்ய ஆள் இல்லாவிட்டால், போகாதா என்ன? வகுப்பு கூட்டும்போது துடைப்பத்தோடு நின்றுவிடுவாள். வெள்ளைச் சட்டை போட்டு, புத்தகத்தை விரித்து, தடங்கலில்லாமல் வாசிக்கும் அண்ணனைப் பார்ப்பாள். அந்தக் குரல் மட்டும் அவள் காதில் விழவே இல்லை. ஒருநாள் மணியடிக்க மறந்து பத்து நிமிஷம் தாமதமானது.

நான்காம் நாள் ராஜாத்தியைத் தனியே அழைத்தாள்.

"அவனுக்கு வாய் திக்கும்மா. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அது நெசமாவே போயிடுச்சா?"

ராஜாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் அவரைப் பாத்ததே இல்ல. அஞ்சு நாளா நீங்க வரலியா... இங்க கேட்டு ஒண்ணும் தெரியலைன்னு வர்றதையே வுட்டுட்டீங்கன்னு நெனைச்சேன். எம்புள்ளை மறுபடி சுத்தியலைக் கையில எடுத்துட்டா. அதைப் பாத்துத்தான், நீங்க தொடர்ந்து வரணும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

தேவமணிக்கு ஆத்திரம் பொங்கியது. திரும்பிப் பத்தடி நடந்தாள். பின்னால் ராஜாத்தி விசும்புவது கேட்டது. நின்றாள்.

"அவனைக் கேக்கறதுக்காகத்தான் மொதல்ல வந்தேன், இல்லைங்கல. ஆனா இப்ப அதுக்காக வர்றதில்ல ராஜாத்தி. இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாத. புள்ளைங்களுக்குத் தலை சீவி அனுப்பு, நேரமாவுது."

புரட்டாசியில் பூங்காவனம் ஆறாம் வகுப்புக்குப் போனாள். பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் அடுத்த இரண்டு வருஷத்தில் ஜல்லி உடைக்கவும் மாந்தோப்புக் கூலிக்கும் போய்விட்டார்கள். தேவமணி ஒவ்வொரு வீடாக ஏறிக் கெஞ்சியும் நடக்கவில்லை. மற்றவர்கள் நிலைத்தார்கள். 1969இல் பூங்காவனம் எட்டாம் வகுப்பு தேறினாள். சர்ச் போதகரிடம் சொல்லி, கிருஷ்ணகிரியில் விடுதியோடு இருந்த பெண்கள் பள்ளியில் அவளுக்கு இடம் வாங்கினாள் தேவமணி. ராஜாத்தியால் வேலையை விட்டு வரமுடியாததால் தேவமணியே பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். விடுதி வாசலில் பெண் அழவில்லை, கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை தேவமணி ஜன்னலோரமாக நகர்ந்து உட்காரவில்லை. போகும்போது பூங்காவனம் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்து வந்திருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கொட்டாய்க்குப் போனாள். ராஜாத்தி ராகிக் கூழை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் குந்தினாள்.

"இன்னேரம் எழுந்திருப்பாளாக்கா?"

"எழுந்திருப்பா. அங்கயும் மணி அடிப்பாங்க இல்ல."

"சாப்பிட்டிருப்பாளா?"

"சாப்பிட்டிருப்பா."

இரண்டு பேரும் கிருஷ்ணகிரிப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கூழ் ஆறிக்கொண்டிருந்தது.