பந்தம் பிடித்த இருவர்

இராசநாயகம் அண்ணை காலமான செய்தி மெட்ரோவில் வரும்போது வந்தது. இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

அண்ணை டவுன்டவுனில் எங்கள் பல்கலைக்கழகத்தில் உரோமானியக் கலை படிப்பித்தவர். நான் அங்கே படக்காப்பகத்தைப் பார்ப்பவன். யன்னல் இல்லாத நிலவறை அது. முதல்நாளே சுவரிலிருந்த பெரிய படமொன்றைக் காட்டினார். ஈரானிலிருந்து உரோமுக்குப் போன ஒளிக்கடவுள் மித்திரன் காளையைக் குத்துகிறார். இருபக்கமும் ஈரானியத் தொப்பி, காற்சட்டையோடு இரு கல்மனிதர்கள். ஒருவர் பந்தத்தை மேலே பிடிக்கிறார், மற்றவர் தலைகீழாக.

"ஒண்டு உதிக்கிற சூரியன், மற்றது படுற சூரியன்" என்றார்.

விளக்கணைக்கும்போது அந்த இருவரிடமும் "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் கதவைச் சாத்துவார். எனக்கு முதுகு சில்லிடும்.

பின்னர் புறநகரான கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்கும் வரத் தொடங்கினார். அவரைத் தாத்தா என்றழைத்த என் இரட்டைப் பெண்கள் பள்ளி நத்தார் நாடகத்தில் குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானிகளாக நடித்தபோது, கிரீடங்களை ஒதுக்கிவிட்டு, அந்தக் கல்மனிதர்களுடையதைப் போல நுனி வளைந்த சிவப்புத் தொப்பிகள் தைத்துக்கொடுத்தார். ஆசிரியை திருதிருவென விழித்தார்.

"ஆதிக் கிறிஸ்தவர்கள் ஞானிகளை இப்பிடித்தான் கீறினவை. சாமியை மாத்திப்போட்டினம், தையற்காரனை மாத்தேல்லை" என்று அண்ணை என்னிடம் சிரித்தார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. போன பனிக்காலத்தில் காப்பகத்தில் வைத்துத் திடீரென்று கேட்டார்: "நான் செத்தால் பந்தம் பிடிக்க ஆர் இருக்கினம்?"

பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்காத செத்தவீடு எங்கள் சைவ ஆட்களுக்குப் பெருங்குறை. அவர் சுவரிலிருந்த அந்த இரு கல்மனிதர்களைப் பார்த்து, "இவையள் பிடிப்பினம்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

நேற்று இறுதிச் சடங்கு. என் பெண்களைப் பந்தம் பிடிக்க நிறுத்தினேன். மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதியில்லை என்பதால் பற்றரி விளக்குகள்தான். மூத்தவள் நிமிர்த்திப் பிடித்தாள். இளையவள் தலைகீழாகப் பிடித்தாள்.

"நிமித்திப் பிடி, பிள்ளை" என்று ஐயர் திருத்திவிட்டார். மறுபடி கவிழ்த்தாள். அந்தப் படத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"ஏன் பிள்ளை இப்பிடிப் பிடிக்கிறாய்?" என்று குனிந்து கேட்டேன்.

"தாத்தா சொன்னவர்."

"எப்ப?"

அவள் அண்ணை கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "இப்ப."

அதன்பிறகு அவள் கையை நான் தொடவில்லை. பயந்தேன். அண்ணையின் குறை தீர்ந்ததென்று அழவும் செய்தேன்.

இன்று காப்பகத்தின் விளக்கை அணைக்கும்போது அவரை வழியனுப்ப வாயெடுத்தேன். இருட்டில் பதில் வந்துவிடுமோ என்று பயந்து, எதுவும் சொல்லாமலே கதவைச் சாத்தினேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: பந்தம் பிடிச்சாச்சு, அண்ணை. நிம்மதியாப் போங்கோ.