ரிப்பனோடு திருப்பி அனுப்பவும்

எங்கள் லுண்டர்ஹாகன் ஊரில் சர்க்கரை பீட்ரூட் பாகு காய்ச்ச மால்வினே டெக்ட்மயரை விட்டால் ஆள் கிடையாது. கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்தபின் அந்தப் பாகுதான் அவளையும் மகன் கொன்ராடையும் காப்பாற்றியது. பதம் தவறினால் மொத்தத்தையும் பன்றிக்கு ஊற்றிவிடுவாள். யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

போரின் மூன்றாம் ஆண்டில் தேவாலய மணியை இறக்கிப் பீரங்கிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து அவளுடைய செப்பு அண்டா போயிற்று. அந்தக் கோடையில் போர்முனையில் கொன்ராட் காயம்பட்ட இருவரைச் சுமந்து வந்ததற்காக எங்கள் சிற்றரசர் வெண்கலப் பதக்கம் கொடுத்தார். விடுப்பில் வந்தவன், பதுங்குகுழியில் தொலைந்துவிடும் என்று அதை அம்மாவிடம் விட்டுப் போனான்.

அக்டோபரில் அரண்மனை அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது: பதக்கத்தை ரிப்பனோடு ஊர்த் தலைவர் மூலம் திருப்பி அனுப்பவும். காரணம் எழுதவில்லை. கடிதத்தைத் தலைவர் எபெலிங்கின் மேசையில் போட்டாள். அவருக்கு எழுத்தராக நானும் அங்கே இருந்தேன்.

"மணியை எடுத்தீங்க, அண்டாவை எடுத்தீங்க. இத்தனூண்டு வெண்கலத்து மேலயும் கண்ணா, தலைவரே? உருக்கினா ஒரு குண்டோட மூக்குக்குக்கூடக் காணாதே."

அப்படிப்பட்ட பதக்கம் எங்கள் ஊருக்கு அதுவரை வந்ததில்லை. அதனால் விதி அவளுக்குத் தெரியாது. பதக்கம் சிற்றரசருடையது, பெற்றவர் உயிரோடு இருக்கும்வரைதான் அவரிடம் இருக்கும். இறந்தால் வீட்டார் திருப்பித் தர வேண்டும். விதிப் புத்தகம் தலைவரின் இழுப்பறையில் இருந்தது. படையிலிருந்து இன்னும் எந்தச் செய்தியும் வரவில்லை.

தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மகன் கடைசியாக எப்போது எழுதினான் என்று கேட்டார். மூன்று வாரம் ஆகிறது, எழுதுவதில் அவன் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி என்றாள்.

"நீங்களே வச்சுக்கோங்க, டெக்ட்மயர் அம்மா. தப்பா வந்திருக்கும். நான் எழுதிக் கேக்கிறேன்."

"உலோகத்துக்குத்தானே கேக்கிறாங்க?"

"ஆமா" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

அவள் கடிதத்தை எடுத்து விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ரிப்பன் எதுக்குங்க? துணியை உருக்க முடியாதே."

நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தை மடித்து மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"இது என் கைக்கு வரவே இல்லைன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு தபால்காரர் அவள் தெருவுக்குள் நுழைந்தால் உள்ளே தாழ்ப்பாள் விழும். ஒன்பதாம் நாள் அவர் படை முத்திரையிட்ட உறையோடு போய்த் தட்டிப் பார்த்தார். வெகு நேரம் நின்றபின் உறையை எங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் எழுந்து தொப்பியைத் தேடினார்.