ஐந்தாவதாக அடிக்க வேண்டியவன்

கால்பந்து ஆட்டம் சமனாகி, அணிக்கு ஐந்து அடி என்று பெனால்டிக்குப் போனால் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் முதலில் அடிக்க வேண்டுமா, ஐந்தாவதாக அடிக்க வேண்டுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நானும் என் மச்சானும் எத்தனையோ வருஷங்களை ஓட்டியிருக்கிறோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் காலண்டருக்கு ஆணி அடித்தால் என் பக்கத்துச் சுண்ணாம்பு உதிரும்.

நான் ஐந்தாவது கட்சி. கடைசி அடிக்குத்தான் பாரம் அதிகம், அதைத் தாங்குகிறவன் கடைசியில் வர வேண்டும் என்பது என் வாதம். மச்சான் ஒப்புக்கொள்ள மாட்டார்.

“பெரியவனைக் கடைசிக்குன்னு எடுத்து வெச்சா, கடைசி வர்றதுக்குள்ள கதை முடிஞ்சுரும் மாப்ளே. கல்யாண சத்யைல பாயசம் வர்றதுக்கு முன்னாடி பந்தி எழுந்த கணக்கா.”

“அப்படி எத்தனை தடவை ஆகியிருக்கு? எண்ணிச் சொல்லுங்க.”

“உமக்கு எண்ணத்தான் தெரியும். விளையாட்டு தெரியாது.”

எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். படி ஏறினால் படியை எண்ணுவேன். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் நிற்பவர்களை எண்ணுவேன். ஓய்வு பெற்றும் அது என்னை விடவில்லை.

இந்த வருஷம் எங்கள் ஊர் மஞ்சள் அணி தட்டுத் தடுமாறி பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அரையிறுதியை நாங்கள் இருவரும் முனைச் சாயாக்கடையின் டிவியில் பார்த்தோம். ஆட்டம் பெனால்டிக்குப் போயிற்று. கோச் அணியின் மிகச் சிறந்தவனான பத்தாம் நம்பர்காரனை ஐந்தாவதாகத்தான் நிறுத்தியிருந்தார். நாலுக்கு நாலு என்று நின்ற இடத்தில் அவன் வந்தான், அடித்தான், உள்ளே போயிற்று. எதிரணியின் ஐந்தாவது ஆள் வானத்தைப் பார்த்து அடித்தான். கடையே எழுந்து நின்று கத்தியது. மச்சான் மட்டும் பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாதத்தில் தோற்ற கடுப்பு என்று நினைத்து, “என்ன மச்சான், பாயசம் வந்துதா?” என்று கேட்டேன். அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் தீவிர சிகிச்சை அறைக்குள் என்னை விட்டபோது, மூக்கிலிருந்த குழாயைச் சற்று விலக்கி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “அது அதிர்ஷ்டம் மாப்ளே.”

இறுதி ஆட்டம் வருவதற்குள் அவர் வீடு திரும்பிவிட்டார். ஆனால் மேட்ச் பார்க்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு பதற்றத்தை இந்த நெஞ்சு இப்போதைக்குத் தாங்காது என்றாராம். மச்சானின் ஒரே மகள் வைட்டிலாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்காக லீவு போட்டிருந்தாள். டிவி ரிமோட்டை எங்கோ ஒளித்துவிட்டாள். அப்பாவின் போனையும் வாங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“மாமா, ஃபைனல் அன்னிக்கு நீங்க அப்பாகூட இருக்கணும்.”

“நான் மேட்ச் பார்க்கணுமே மோளே.”

“நீங்க பக்கத்துல இல்லேன்னா அவர் மதில் ஏறிச் சாடியாவது சாயாக்கடைக்குப் போயிருவார். ப்ளீஸ் மாமா.”

நான் இழுத்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “எங்க அண்ணன் நெஞ்சைவிட அந்தப் பந்து பெருசாப் போச்சா உங்களுக்கு?” அத்தோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் நான் போனபோது மகள் மஞ்சள் சட்டை போட்டுத் தயாராக நின்றாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளப்பில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். என்னைக் காவல் வைத்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாடி பார்க்க விரலில் மாட்டுகிற ஒரு சின்ன மெஷினை என்னிடம் கொடுத்தாள்.

“நாடி நூத்திப்பத்து தாண்டினா உடனே என்னை விளிக்கணும். ஆம்புலன்ஸ்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அப்புறம், ரிசல்ட் எதுவும் சொல்லக் கூடாது. தோத்தா, ஜெயிச்சோம்னு நானே வந்து சொல்லிக்கறேன். நாளைக்கு உண்மை தெரிஞ்சா அதை நான் பார்த்துக்கறேன்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. மிண்டாம இருந்தா போதும்.”

ஜன்னல்களை அடைத்தாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். எங்கள் நடுவே ஒரு சீட்டுக்கட்டை வைத்துவிட்டுப் போனாள். கட்டை எண்ணினேன், ஐம்பத்தொன்று. ஸ்பேடு ஏழு இல்லை. அதைச் சொன்னேன்.

“இன்னிக்கு அதுவா முக்கியம்?” என்றார் மச்சான். மெஷின் அவர் விரலில் எழுபத்தாறு காட்டியது.

மட்டாஞ்சேரி வீட்டில் ஜன்னலை அடைப்பதால் சத்தம் நின்றுவிடாது. முன்னால் முனையில் சாயாக்கடை, பின்னால் கிளப். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் ஒரு “ஓ” எழுந்து அடங்கியது. நாங்கள் சீட்டைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். சற்றுப் பொறுத்து அதே “ஓ” பின்பக்கம் எழுந்தது. மச்சான் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“சாயாக்கடையில கேபிள். கிளப்புல யாரோ போன்லேர்ந்து நெட்டுல போடறாங்க. இங்க நடந்தது அங்க ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் தெரியும்.”

“நமக்கு எதுவும் தெரிய வேண்டாம். சீட்டைப் போடுங்க.”

“நான் காதைப் பொத்திக்கவா முடியும்?”

எண்பத்திரண்டு.

ஒரு கோல்கூட விழவில்லை. கத்தலும் பெருமூச்சும் முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். கூடுதல் நேரமும் அப்படியே கழிந்தது. இத்தனை நேரமும் நான் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். என் உள்ளங்கை ஈரமாகிச் சீட்டுகள் ஒட்டிக்கொண்டன. இவருக்கு ஏதாவது ஆனால் இந்த அறையில் நான் ஒருவன்தான். முதல் உதவி எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எண்ணுவது.

பிறகு சாயாக்கடைக்காரரின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. “பெனால்ட்டி! ஆத்யம் நம்மளா!”

நாம்தான் முதலில் அடிக்கிறோம். மச்சான் என்னைப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

“மச்சான், மூச்சை நல்லா இழுத்து விடுங்க. இல்லேன்னா மோளை விளிப்பேன்.”

“விளியும். கிளப்புல அந்தச் சத்தத்துல அவ போன் எடுப்பாளா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “முதல்ல யாரு வர்றான், சொல்லும் பார்ப்போம். பத்தா?”

“பத்தாம் நம்பரைக் கடைசிக்குத்தான் வைப்பாங்க. போன தடவை வெச்சாங்க இல்லே?”

“பார்ப்போம்.”

முன்பக்கம் பெரிய கூச்சல். ஒன்று. அடுத்து எதிரணியின் அடி. முன்பக்கம் சத்தமே இல்லை. அப்படியானால் உள்ளே போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன், ஒரு கையில் நாம், மறு கையில் அவர்கள். மூன்றாவது சத்தம் “அய்யோ” என்று வந்தது, ஒரே வாயிலிருந்து வந்த மாதிரி. நம்முடைய இரண்டாவது அடி போயிற்று. நூற்றிரண்டு.

“அது பத்து இல்ல,” என்றார் மச்சான் கண்ணை மூடியபடி. “பத்துன்னா சத்தம் வேற மாதிரி இருக்கும்.”

“பேசாதீங்க மச்சான்.”

எதிரணி அடித்தது, சத்தமில்லை. நாம் அடித்தோம், கூச்சல். அவர்கள் அடித்தார்கள், சத்தமில்லை. நமக்கு இரண்டு, அவர்களுக்கு மூன்று. பின்பக்கம் கிளப்பில் அப்போதுதான் நம்முடைய மூன்றாவது அடிக்குக் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் மகளும் இருப்பாள்.

நம்முடைய நான்காவது அடி. சாயாக்கடையில் “அய்யோ”கூட இல்லை. யாரோ மேஜையை ஓங்கித் தட்டினார்கள், கண்ணாடி கிளாஸ் ஒன்று உடைந்தது. நூற்றேழு. நான் என் போனைக் கையில் எடுத்துவிட்டேன். மகளின் எண்ணில் கட்டை விரல்.

“வேண்டாம் மாப்ளே.”

“நூத்தியெட்டு மச்சான்.”

“இன்னும் ஒண்ணு. அதைக் கேட்டுட்டு விளியும்.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாகத்தான் இருந்தது. முன்பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம், ஒன்று, இரண்டு, நிறைய. ஆட்கள் எழுந்து போகிறார்கள். இரண்டுக்கு நான்கு. நமக்கு ஒரு அடிதான் பாக்கி, அடித்தாலும் பயனில்லை. முடிந்தது.

நூற்றொன்பது. அங்கேயே நின்றது.

பின்பக்கம் கிளப்பில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நம்முடைய நான்காவது அடியே அவர்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. செண்டை முழங்கியது. மகளும் கத்திக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நிமிஷமும் அவர்களுக்கு ஜெயிக்க வழி இருந்தது, எங்களுக்கு இல்லை. மச்சான் பின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாடட்டும்,” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “நம்மாளு எத்தனை பேர் அடிச்சாங்க?”

“நாலு.”

“பத்து?”

நான்கு அடியில் எது யாருடையது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் முந்தைய ஆட்டத்தில் ஐந்தாவதாக வந்து ஜெயித்துக் கொடுத்தவனை எந்தக் கோச்சும் இடம் மாற்றமாட்டார். அது மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அடிச்சிருக்க மாட்டான்,” என்றேன்.

“பந்தி எழுந்தாச்சு, பாயசம் பாத்திரத்துலயே இருக்கு.” அவர் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நூற்றிரண்டு. தொண்ணூற்றெட்டு. கிளப்பில் செண்டை சட்டென்று நின்றபோது தொண்ணூற்றிரண்டு. எத்தனையோ வருஷ வாதத்தில் அவர் ஜெயித்திருந்தார். இத்தனை நேரமும் ஏறிய எண் அதில்தான் இறங்கியது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

மகள் ஓடி வந்தாள். வாசலில் நின்று முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே வந்தாள். முதலில் மெஷினைப் பார்த்தாள்.

“தொண்ணூறு. நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

அவள் அப்பாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். “அப்பா, ஜெயிச்சோம்.”

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. சந்தில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை, ஒரு பைக் கூட ஹார்ன் அடித்துப் போகவில்லை. அதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் அவள் முகத்தையே பார்த்தார். “பெனால்டியா?”

“ஆமாப்பா. பெனால்டிதான்.”

“பத்தாம் நம்பர்?”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். “அவன்தாம்ப்பா அஞ்சாவதா அடிச்சான். அவன் அடிச்சதுலதான் ஜெயிச்சோம்.”

நான் மெஷினைப் பார்த்தேன். அவர் எண் ஏறும் என்று பயந்தேன். அவர் இப்போது நிஜத்தைச் சொன்னால் வாதம் அவருடையது. அவள் சொன்னதை ஒப்புக்கொண்டால் வாதம் என்னுடையது. நான் எதையும் தப்பாக எண்ணிப் பழக்கமில்லாதவன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் மகளின் தலையில் கை வைத்தார்.

“அப்போ உங்க மாமா சொன்னதுதான் சரி மோளே. பெரியவன் கடைசிலதான் வரணும்.”

எண்பத்தெட்டு.

அவள் சாயா போட அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மச்சான் விரலிலிருந்து மெஷினைக் கழற்றி என் விரலில் மாட்டினார். நான் தடுக்கவில்லை. நூற்றுப் பதினான்கு.

“பேப்பர்காரன்கிட்ட நாளைக்கு இந்த வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டாம்னு சொல்லும்,” என்றார் மெதுவாக. “ஆனா மாப்ளே, உம்ம கணக்குல நாலாவதுலயே முடிஞ்சுதுன்னுதான் இருக்கணும். கேட்டீரா?”