ஒன்பதாம் ஷரத்தும் என் பின்னறையும்

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவருக்கு, பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால், எங்கள் குடியிருப்பில் அவர் பெயர் ஷரத்து. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். காதில் விழுந்ததும் மனிதர் பூரித்துப்போனார். அதற்குப் பிறகு முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள்.

பார்சல் அலுவலகத்தில், பார்சல் வாங்கும் கவுன்டரில் அவருக்கு வேலை. வாங்கும் கவுன்டர் என்று பலகையில் எழுதியிருக்கிறதே தவிர, அவர் வாங்கி நான் பார்த்ததில்லை. கயிறு மெலிசு, அட்டை நைந்திருக்கிறது, அனுப்புகிறவர் முகவரி இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை என்று ஏதாவது ஒன்று அவருக்கு அகப்பட்டுவிடும். இரண்டு விரலால் பார்சலைத் திருப்பித் தள்ளிவிட்டு, "அடுத்து" என்பார். நான் பிரிட்ஜ் மெக்கானிக். ஒரு முறை பழைய கம்ப்ரசர் ஒன்றை அனுப்ப, சகலைதானே என்று பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறேன் என்று வரிசையின் வாலுக்கு அனுப்பினார். முறை வந்ததும் கம்ப்ரசரையும் திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "உள்ள எண்ணெய் இருந்தா அது திரவப் பொருள் சகலை" என்று பாடம் வேறு நடத்தினார். டீயில் உப்பைப் போட்டிருக்கலாம் என்று என் மனைவி ரொம்ப நாள் வருத்தப்பட்டாள்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை சுத்தம், வாய் சுத்தம். மனைவியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வேறு எதுவும் பேசியதும் இல்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

என் கொழுந்தியாளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் மூக்கையும் காதையும் பார்த்துக்கொண்டிருப்பவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் படம் எடுப்பாள். எனக்குப் படக்கலை தெரியாது. ஆனால் அவள் எடுத்த படத்தைப் பார்த்தால், அதில் இருக்கும் ஆளை எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். அதை ஆசை ஆசையாகக் கணவரிடம் நீட்டுவாள். அவர் படத்தின் மூலையைப் பார்ப்பார். "தேதி வரலையே" என்பார். அவ்வளவுதான். பல வருஷமாக நடந்த நாடகம் இது.

இந்த நிலையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு புகைப்படப் போட்டி வைத்தது. தொழில்முறையில் படம் எடுக்காதவர்களுக்கு மட்டும். கருப்பொருள், காத்திருப்பு. முதல் பரிசு பெறும் படத்தைச் சட்டம் போட்டுக் கீழ்த்தளக் கூடத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே, ஒரு வருஷம் மாட்டி வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டிய இடம். கொழுந்தியாள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தன் படம் ஒன்று அங்கே தொங்க வேண்டும், தன் புருஷன் தினமும் தபால் எடுக்க வரும்போது அதை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

போட்டிக் குழுவில் மூன்று பேர். சங்கத் தலைவி, பொருளாளர், நம் ஷரத்து. விதிமுறை எழுதும் வேலையை மற்ற இருவரும் அவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். இவருக்கோ அன்று தூக்கமே வரவில்லையாம். ஒன்பதாம் ஷரத்து இப்படி இருந்தது: குழு உறுப்பினர்களுடன் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. பொருளாளர் மகனிடம் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா இருந்தது. அவனை மனதில் வைத்துத்தான் எழுதினார். கூட்டத்தில் அதை வாசிக்கும்போது பொருளாளரைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார். பொருளாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தன் வீட்டிலும் ஒருத்தி படம் எடுக்கிறாள் என்பது மனிதருக்கு நினைவிலேயே இல்லை.

அன்று மாலை அவர்கள் வீட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் நான் குந்தியிருந்தேன். குளிர் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். விதிமுறைத் தாளை பிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தார். அதனால் எல்லாம் என் காதுக்குப் பக்கத்திலேயே நடந்தது.

"அப்போ நான் படம் அனுப்ப முடியாதா?"

"ஒன்பதாவது ஷரத்துப்படி முடியாது."

"நீங்க குழுவிலிருந்து விலகிடுங்களேன். ஒரே ஒரு தடவை."

"நான் விலகிட்டா ஷரத்தையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

"என்னை யாரு பாத்துக்குவா?"

"உனக்கென்ன? நல்லாத்தானே இருக்கே."

 பிறகு தாளின் மேல் விரல் உரசும் சத்தம் கேட்டது. 'ஒரே வீட்டில் வசிக்கும்' என்பதை அவள் மெதுவாக வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"அத்தான், உங்க பின்னறையில ஒரு கட்டில் கிடக்குல்ல?"

"கிடக்கே" என்றேன், பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

அந்தப் பின்னறை என் சொர்க்கம். பழைய கம்ப்ரசர்கள், செம்புக் குழாய்கள், கதவு இல்லாத ஒரு பிரிட்ஜ், ஒரு ரேடியோ, ஒரு கட்டில். மதியம் அங்கே போய்ப் படுத்தால் என் மனைவிகூட எழுப்ப மாட்டாள். அடுத்த நாளே கொழுந்தியாள் பெட்டியோடு நாலாவது மாடி ஏறி வந்துவிட்டாள். நான் ஹால் சோபாவுக்குக் குடிபெயர்ந்தேன். அது என் முழங்காலோடு முடிந்துவிடும் சோபா.

வேடிக்கை என்னவென்றால், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் மாடியிலிருந்து மூச்சு வாங்க வந்தவர் ஷரத்துவேதான். விதிப்படி நடக்கும் ஒரு காரியத்துக்கு அவர் குறுக்கே நிற்பாரா? "வசிப்பிடம் மாறினதைச் சங்கத்துல பதியணும்" என்று என்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தகராறு என்று மாடிப்படியில் ஆளாளுக்குக் காதைக் கடித்தார்கள். யாரோ அவரிடமே கேட்டுவிட்டார்கள். "தகராறு ஒண்ணும் இல்ல. ஷரத்துப்படி இருக்கோம்" என்றார்.

படங்களைப் பரிசீலிக்கும் நாள் வந்தது. கீழ்த்தளக் கூடத்தில் நீள மேஜை போட்டு, நடுவில் ஷரத்து உட்கார்ந்திருந்தார். தரையில் மஞ்சள் நிற டேப் ஒட்டியிருந்தார். அதற்கு முன்னால் வரிசை.

வாசலில் படுத்திருக்கும் நாயின் படம் வந்தது. "அது காத்திருக்குன்னு எப்படிச் சொல்றீங்க? சும்மாகூடப் படுத்திருக்கலாம். அடுத்து." பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் படம் வந்தது. நல்ல படம். ஷரத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஓரத்துல பஸ் தெரியுது. பஸ் வந்தாச்சு. காத்திருப்பு முடிஞ்சுபோச்சு. அடுத்து." ஒரு அம்மாள் அடுப்பில் பால் பாத்திரத்தைப் படம் எடுத்திருந்தார். "காத்திருக்கறது பால் இல்லம்மா, நீங்க. நீங்க படத்துல இல்ல." மூன்றாவது மாடி பல் டாக்டரின் படத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தினமும் எக்ஸ்ரே எடுத்துக் காசு வாங்குறீங்க. நீங்க தொழில்முறை." டாக்டர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார்.

கடைசியாக என் கொழுந்தியாள் மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். படத்தை நீட்டினாள். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தோம். 

படத்தில் இருந்தது பார்சல் அலுவலகம். தெருவிலிருந்து கண்ணாடி வழியாக எடுத்திருந்தாள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நீள வரிசை. திருப்பித் தள்ளப்பட்ட பொட்டலத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஒருவர். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒருவர். வரிசையில் மூன்றாவதாக ஒரு அம்மாள், அழுகிறாளா கொட்டாவி விடுகிறாளா என்று தெரியாத முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாரையும் பார்க்காமல், ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார் நம் ஷரத்து.

பொருளாளர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு மலர்ச்சி. "படத்துல முகம் தெரியற எல்லாரோட சம்மதமும் வேணுமே?" என்று தேனொழுகக் கேட்டார். அதுவும் ஷரத்து எழுதிய விதிதான். கொழுந்தியாள் கையெழுத்துத் தாளை வைத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாராம்.

"ஒருத்தர் கையெழுத்து மட்டும் பாக்கி" என்றாள். "கவுன்டர்ல இருக்கறவரோடது."

 மனிதர் அவமானத்தில் எழுந்து போய்விடுவார், இல்லாவிட்டால் படத்தைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பாத்தீங்களா?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு பேர் நிக்கறாங்க. ஒருத்தர்கூட மஞ்சக் கோட்டைத் தாண்டல!"

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பக்கத்துத் தெருப் பள்ளி ஓவிய ஆசிரியைதான் நடுவர். ஷரத்துவிடமிருந்து தப்பிப் பிழைத்த படங்களே கொஞ்சம்தான். ஆசிரியை கொழுந்தியாளின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதையே எடுத்துவிட்டார். படம் தபால் பெட்டிகளுக்கு மேலே ஏறியது. ஷரத்து காலையும் மாலையும் அதன் கீழே நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மஞ்சள் கோட்டைக் காட்டி விளக்கம் சொன்னார்.

"அவருக்குப் புரியவே இல்லக்கா" என்று பின்னறையில் கொழுந்தியாள் அழுதது ஹால் வரைக்கும் கேட்டது. அதுவரை கட்டில் போன கோபம்தான் எனக்கு. அன்றுதான் அந்த மனிதர் மேல் நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

போட்டி முடிந்ததே என்று அவர் பெண்டாட்டியை அழைத்துப் போக மாடி ஏறி வந்தார். அவள் விதிமுறைத் தாளை நீட்டினாள். அடுத்த போட்டிக்கான படங்கள், முடிவு வெளியான மறுநாளிலிருந்தே வாங்கப்படும் என்று கடைசி வரியில் அவரே எழுதியிருந்தார்.

"நான் அடுத்த வருஷமும் அனுப்பப் போறேன். நீங்க குழுவில இருக்கறவரைக்கும் நான் அங்க இருக்க முடியாது."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனார்.

"யோசிக்கணுமாம்!" என்று என் மனைவி கதவை அறைந்து சாத்தினாள்.

யோசனை வாரக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். ஷரத்து படத்துக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். விளக்கம் கேட்க ஆள் இல்லை. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்தில் நின்றார்.

"சகலை, மூணாவதா நிக்கறாங்களே, அந்த அம்மா. அவங்க பார்சல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பச்சைக் கயிறு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன்." கண்ணாடியில் விரலை வைத்தார். "முகம் ஞாபகம் இல்ல. இதுலதான் பாக்கறேன்."

 வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். கொழுந்தியாள் அதை வரி வரியாகப் படித்தாள். தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. "நகல்?" என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெட்டி இறங்கியது. நான் கட்டிலில் விழுந்து, விட்ட தூக்கத்தையெல்லாம் வட்டியோடு தூங்கினேன்.

குழுவில் ஓர் இடம் காலியானதும் பொருளாளர் சும்மா இருப்பாரா? கொழுந்தியாளையே அதில் உட்கார வைத்துவிட்டார். ஷரத்து அவ்வளவு பாடுபட்டுக் காலி பண்ணிய நாற்காலியில் அவள் ஏறியது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. இனி மற்றவர்கள் படத்தைப் பார்க்கப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அடுத்த போட்டிக்குக் கருப்பொருள், முகம்.

நேற்று மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஷரத்து. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தலையணை.

"சகலை, உங்க பின்னறையில அந்தக் கட்டில் இன்னும் கிடக்கா?"

"என்ன, சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல. நான் ஒரு படம் எடுத்திருக்கேன். ஒன்பதாவது ஷரத்து."

"அந்தப் பாழாப்போன ஷரத்தை எடுத்துடச் சொல்லி அவகிட்டயே கேளுங்களேன்!"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை நீட்டினார். தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து எடுத்த படம். கண்ணாடிக் கடைக்குள்ளே என் கொழுந்தியாள், ஒரு கிழவருடைய காதுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி குனிந்திருந்தாள். ஆட்டம் கண்ட படம். ஒரு மூலை முழுக்க அவருடைய கட்டைவிரல்.

"வேலை பாக்கும்போது நாக்கைக் கடிச்சுக்குவான்னு எனக்குத் தெரியாது சகலை. இத்தனை வருஷமா."

"அவ பாத்தாளா?"

"ரொம்ப நேரம் பாத்தா."

"என்ன சொன்னா?"

"முகம் தெரியுதே, சம்மதக் கையெழுத்து வேணுமேன்னு தாளை நீட்டினேன்." தலையணையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்னுட்டா."

நான் வழிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.