பத்துச் சுற்று

விழுந்ததும் அவர் முதலில் பார்த்தது வண்டி எங்கே போகிறது என்பதைத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரம் சுழல, உறைந்த ஏரியின் மேல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவரும் அதே திசையில் முதுகால் வழுக்கிக்கொண்டு போனார். வண்டி பனிமேட்டில் முட்டி நின்றது. அவர் சில கஜம் முன்பே நின்றுவிட்டார்.

"நாலு," என்று கரையிலிருந்து கஸ்தோன் கத்தினான்.

சண்முகவேல் உடனே எழுந்துவிடவில்லை. மண்டியிட்டு, ஒரு கையுறையைக் கழற்றி, விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மற்ற இடங்களில் இருந்த அதே சாம்பல் நிறப் பனிக்கட்டிதான். வழுக்காமலிருக்க டயர்களில் பதித்த ஸ்க்ரூக்கள் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு விரல் ஆழத்தில் வெள்ளைக் குமிழிகள் அப்படியே உறைந்து நின்றன. இந்த வளைவில் மட்டும் என்ன இருக்கிறது? நான்கு முறையும் இங்கேதான் விழுந்திருக்கிறார்.

மார்செல் நடந்து வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

"என்ன தேடற ஷான்? பல்லு விழுந்துடுச்சா?"

"ஐஸ் எத்தனை அங்குலம்?"

"காலையில துளை போட்டுப் பாத்தேன். பதினாறு. லாரியே நிக்கும்."

"அது அங்க. இங்க போட்டுப் பாத்தியா?"

"நீ விழறதுக்கும் அங்குலத்துக்கும் என்ன சம்பந்தம்? பிரேக்க மிதிக்காத. தொடு."

"தொட்டேன். தொட்டதுக்கே விழுந்தேன்."

1973 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அவரும் மார்செலும் மான்ட்ரியாலை ஒட்டிய லாசாலில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள். மார்செல் மூன்று குளிர்காலமாக நண்பர்களோடு செயின்ட் லூயி ஏரியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிவந்தான். ஆறு வண்டி, ஆறு பேர். மார்ச் கடைசியில் ஏரி இளகும் வரை ஒவ்வொரு சனி ஞாயிறும். ஆறாவது ஆள் வேலை மாறி வடக்கே போய்விட்டான். அவன் ஓட்டிய வண்டி மார்செலுடையது. கஸ்தோன் அதைத் தன் மைத்துனனுக்குக் கேட்டான். சண்முகவேல் தனக்குக் கேட்டார்.

அவர் கேட்டபோது வரைபடப் பிரிவு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மான்ட்ரியாலுக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, கேள்விகளைத் தவிர. மெட்ரோ ரயிலுக்கு ஏன் ரப்பர் சக்கரம்? மாடிப்படியை ஏன் வீட்டுக்கு வெளியே கட்டி, ஆறு மாதம் பனி வழிக்கிறீர்கள்? மேப்பிள் மரத்தில் ஏன் குளிர் முடிகிற சமயத்தில் மட்டும் சாறு இறங்குகிறது? பதில் தெரியாதவர்கள் அவரைக் கண்டால் காபி வாங்கப் போய்விடுவார்கள். மார்செல் மட்டும் யோசித்துவிட்டுத் தெரியாது என்பான்.

போட்டி வந்ததால் கஸ்தோன் ஒரு விதி வைத்தான். அவன் கராஜில் மெக்கானிக், விதிகளில் பிரியம் உள்ளவன். இந்தச் சனி ஞாயிறுக்குள் ஒரே ஒரு தடவை, விழாமல், நிற்காமல், பத்துச் சுற்று. முடித்தால் ஷானுக்கு இடம். முடிக்காவிட்டால் மைத்துனனுக்கு.

சண்முகவேலுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. மான்ட்ரியாலில் அவருக்கு நண்பர்கள் இல்லாமல் இல்லை. மாதம் ஒருமுறை ரொக்ஸ்பரோவில் ஜெயசங்கர், அனுசூயா தம்பதி வீட்டில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடும். எல்லோரும் டாக்டர்கள், பேராசிரியர்கள், என்ஜினீயர்கள். சாம்பார் நன்றாக இருக்கும். யார் எப்போது ஊருக்குத் திரும்புவது என்று பேசுவார்கள். நான்கு வருடமாக அதையே பேசுகிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காத ஓர் இடத்தில் இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. ஏரியில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி இந்த வளைவில் ஏன் விழுகிறாய் என்பது. அது நல்ல கேள்வி.

தடம் முட்டை வடிவத்தில் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து தெருவில் எறிந்த மரங்களைப் பொறுக்கி வந்து பனியில் நட்டு எல்லை வைத்திருந்தார்கள். எப்போதும் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். வளைவில் வண்டியை இடப்பக்கம் சாய்த்து, இடது காலைக் கீழே விட்டு, பூட்ஸின் அடியில் கட்டிய இரும்புத் தகடு பனிக்கட்டியில் உரச உரசப் போவார்கள். நேரான பகுதியில் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார்கள். நீளமான நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கேதான் அவர் விழுந்தார். மாலைக்குள் ஏழு தடவை. கடைசி இரண்டு தடவையும் பிரேக்கை இறகால் தொடுவதுபோலத்தான் தொட்டார்.

"உன்ன பூமி ரொம்ப விரும்புது," என்றான் கஸ்தோன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமு தண்ணீர் சுடவைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பில் வைத்தாள்.

"ஏழு தடவையா?"

"ஏழு."

"ஏழும் ஒரே இடத்துலயா?"

"அதான் விஷயமே. ஒரே இடம்னா ஒரு காரணம் இருக்கணும்ல? ஐஸப் பாத்தேன். ஸ்க்ரூவ எண்ணினேன். காத்து எந்தப் பக்கம்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"எல்லாத்தையும் பாத்தீங்க. ஓட்டுற ஆளப் பாத்தீங்களா?"

"என்ன கிண்டலா?"

"எப்படி ஓட்டுனீங்கன்னு காட்டுங்க."

சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அலமு கீழே அமர்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் நேர்ப்பகுதியில் வந்தார், வேகம் குறைத்தார், சாய்ந்தார். அவள் சீவுவதை நிறுத்தினாள்.

"இப்ப பிரேக் போட்டீங்கல்ல, எந்தக் காலால?"

"வலது. இந்த வண்டியில கியர் இடது, பிரேக் வலது. மார்செல் மொதல்லயே சொல்லிட்டான்."

"இல்லீங்க. இடது காலத்தான் அமுத்துனீங்க."

"எனக்குத் தெரியாதா?"

"சரி, இன்னொரு தடவ ஓட்டுங்க. ஓட்டிக்கிட்டே பேசுங்க. ஜெயசங்கர் வீட்டுக்கு அடுத்த மாசம் நாம என்ன எடுத்துட்டுப் போறது?"

"அனுசூயாதான் பாயசம் வைக்கிறேன்னாங்களே. நாம வேணும்னா அந்த வடை—"

"மாடு," என்றாள் அலமு.

அவர் பிரேக் போட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். இடது காலின் பெருவிரல் தரையில் ஊன்றி வெளுத்திருந்தது. வலது கால் சும்மா இருந்தது.

திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலையில் அவர் நான்கு வருடம் வேலை பார்த்தார். உறையூரிலிருந்து தினமும் புல்லட்டில் போவார். அந்த வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. கல்யாணமான பிறகு அலமுவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார். அவள் அங்கே கணக்கு டீச்சர். புடவை கட்டி, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, இரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்து போனவள்.

"எனக்கு வேற என்ன வேடிக்க? உங்க முதுகும் இந்தக் காலும்தான். கால் இறங்குனா நான் கம்பியப் புடிச்சுக்குவேன். நீங்க பிரேக் போடப் போறது உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

சண்முகவேல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வண்டியில் இடது காலை அமுக்கினால் ஒரு கியர் கீழே இறங்கும். பின்சக்கரம் ஒரு கணம் இறுகும். சாலையில் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பனிக்கட்டியில் அது போதும்.

"அப்ப நான் ஏழு தடவையும் பிரேக்கே போடல," என்றார். வரைபடத்தில் தவறான அளவைக் கண்டுபிடித்தவர்போல் அவர் முகம் தெளிந்திருந்தது.

"தெரிஞ்சுபோச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. காலுக்குத் தெரியணும். நாளைக்கு நானும் வர்றேன்."

ஞாயிறு காலை அலமு புடவைக்கு உள்ளே அவருடைய பழைய கால்சட்டையைப் போட்டு, மேலே கோட்டும் மஃப்ளருமாக, அந்த வளைவில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மார்செல் அவளுக்கு உட்காரக் காலிப் பெட்டி ஒன்று கொண்டுவந்து போட்டான். கஸ்தோன் தொப்பியைத் தொட்டு "போன்ஜூர் மேடம்" என்றான்.

காரணம் தெரிந்தும் மூன்றாவது சுற்றில் விழுந்தார். கால் தானாகவே அமுக்கியது. அமுக்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அது அவருக்கு வியப்பாக இருந்தது. எழுந்து வந்து அலமுவிடம் சொன்னார்.

"நான் சொல்லாமலே அதுவா பண்ணுது. எனக்கும் காலுக்கும் நடுவுல யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரோ இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கால மேலயே வைக்காதீங்க. வளைவுல வெளிய தொங்கவிடுறீங்கல்ல, நேர் ரோட்டுலயும் தொங்கட்டும். ரெண்டாவது கியர்ல போட்டுட்டு விட்டுருங்க."

"பிரேக்?"

"எதுக்கு? ஆக்ஸிலேட்டரக் கொறைச்சாப் போதாதா?"

அவர் யோசித்தார். போதும் என்றுதான் தோன்றியது. தகடு கட்டிய காலைக் கொக்குபோல நீட்டியபடி ஏரியைச் சுற்ற ஆரம்பித்தார். மற்ற ஐந்து பேரும் தங்கள் வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன செய்றான்? நாய் மாதிரி காலத் தூக்கிட்டுப் போறான்," என்றான் கஸ்தோன்.

ஐந்து சுற்று சரியாகப் போயிற்று. ஆறாவதில் தொடை எரிந்தது. ஒரு நிமிடம் ஓய்வெடுக்கட்டும் என்று கால் தானே மேலே ஏறியது. வளைவு வந்தது. விழுந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மார்செல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மணிக்கு வண்டிகளை லாரியில் ஏற்றிக் கிளம்ப வேண்டும். இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. வெயில் இருந்தும் ஃபாரன்ஹீட்டில் ஐந்து டிகிரிதான், உறைநிலைக்கு வெகு கீழே. அவர் கிளம்பினார்.

முதல் நான்கு சுற்றில் அலமு ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவதில், அவர் நேர்ப்பகுதியில் வரும்போதே, பெட்டிமேல் ஏறி நின்று, "கால்!" என்று கத்தினாள். ஏறப்போன கால் இறங்கியது. ஆறாவதிலும் கத்தினாள். ஏழாவதில் மார்செலும் சேர்ந்துகொண்டான். அவனுக்கு அது என்ன வார்த்தை என்று தெரியாது, வேலை செய்கிறது என்று மட்டும் தெரிந்தது. எட்டாவதில் ஏரியிலிருந்த எல்லோரும் "காலு, காலு" என்றார்கள். ஒன்பதாவதில் காற்று திரும்பிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் எஞ்சின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து கத்துகிற முகங்கள்தான் தெரிந்தன. பத்தாவதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டு முடித்தார்.

முடித்தபின் எப்படி நிறுத்துவது என்று யோசித்திருக்கவில்லை. பிரேக்கைத் தொட அவருக்குத் துணிவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டார். வண்டி கரையிலிருந்து விலகி, மரங்களைத் தாண்டி, மெல்ல மெல்ல ஏரியின் உள்ளே போய் நின்று, எஞ்சின் அணைந்தது. அங்கே யாரும் வண்டி ஓட்டியிருக்கவில்லை. காலடியில் வெகு ஆழத்திலிருந்து நீண்ட ஒலி ஒன்று கிளம்பி, அவருக்குக் கீழே கடந்து, தூரத்தில் முடிந்தது. பனிக்கட்டி விரிகிறதா சுருங்குகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்குமா என்று நின்றார். கேட்டது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு நொண்டியபடி திரும்பி வந்தார்.

கரையில் கஸ்தோன் வாதாடிக்கொண்டிருந்தான்.

"வெளியாள் உதவி செய்யக்கூடாது. அந்த அம்மா ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்லிக் குடுத்தாங்க."

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றான் மார்செல்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலல்ல? உதவின்னு எப்படிச் சொல்ற? திட்டினாங்களோ என்னவோ. என் பொண்டாட்டியும் அப்படித்தான் கத்துவா."

"நீயும் கத்துனே."

"நானும் திட்டினேன்."

கஸ்தோன் அலமுவைப் பார்த்தான். அவள் மஃப்ளரை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவன் பனியை ஒரு முறை உதைத்தான்.

"பத்து," என்றான். "மைத்துனன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சண்முகவேலுக்கு இடது தொடையை அசைக்க முடியவில்லை. கையால் தூக்கி பஸ் படியில் வைத்து ஏறினார். அலுவலகத்தில் நின்றுகொண்டு வரைய முடியாததால் உயரமான நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு குழாய் இணைப்பின் வரைபடத்தைத் திருத்தினார். மதியம் மார்செல் வந்து, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைக்க வருவதாகச் சொன்னான். சரி என்றார். மூன்று மணிக்குப் பனி பெய்ய ஆரம்பித்தது. பஸ் இருபது நிமிடம் தாமதம். வீட்டில் அலமு பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தாள். சாதத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டு, காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.