கோபத்தை விடாதீங்க அங்கிள்!

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறும். அன்று மச்சான் மகனின் நிக்காஹுக்கு மகளோடு பைக்கில் கிளம்பியிருந்தேன். நாங்கள் போய்ச் சேரவும் கேட்டை மூடவும் சரியாக இருந்தது. பக்கத்துக் கடை மாடியில் ஒரு போர்டு: 'டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு இலவச ஓவிய வகுப்பு. நினைத்தபோது வரலாம்.'

"கேட் திறக்குற வரைக்கும், அத்தா!" என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்கு ஓடிவிட்டாள்.

ரயில் போனது, கேட்டும் திறந்தது. அவள் வரவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாடியேறி, வாசலில் நின்று முறைத்தேன்.

"அங்கிள், அசையாதீங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். "இன்னிக்குக் கோபமான முகம் வரையணும். எங்கள்ல யாருக்குமே சிரிக்காம நிக்கத் தெரியல."

வகுப்பே கைதட்டி என்னை ஸ்டூலில் உட்கார வைத்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கோபத்தை விடாதீங்க அங்கிள்!" என்று கெஞ்சினார்கள். அதைக் கேட்டதும் அடக்கவே முடியவில்லை.

நாங்கள் போனபோது நிக்காஹ் முடிந்திருந்தது; கடைசிப் பந்தி பிரியாணிதான் கிடைத்தது. மகள் வரைந்த படத்தில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"கோபமாத்தானே வரையச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வரலையே, அத்தா."

இப்போதும் அந்தக் கேட்டில் மாட்டிக்கொள்கிறேன். மாடி ஜன்னலைப் பார்த்தபடி முறைக்க முயல்கிறேன். கோபம் வரவே மாட்டேன் என்கிறது.