நேராக ஓடிய கோடு

கிடங்கில் அவளுக்கு ‘சிசிடிவி’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகு திரும்பியதும் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள். உண்மையில் கேமராவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மருந்துக் கிடங்கின் குளிர் அறை சென்சார்கள், கதவுப் பூட்டுகள், கை ஸ்கேனர்கள் என்று நெட்வொர்க்கில் மாட்டிய அத்தனைக்கும் அவள் பொறுப்பு. எது மூச்சு விடுகிறது, எது மயங்கிக் கிடக்கிறது என்று மாடி அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு செல்போன் பழுது பார்க்கும் கடையில் இருந்தவள்.

“என்னைவிட அந்த டப்பாக்களைத்தான் நல்லா கவனிச்சுக்கிற” என்பார் கணவர்.

“உங்களுக்கு ஒண்ணுன்னா ஊரையே கூட்டிடுவீங்க. அதுங்களுக்கு வாய் ஏது?” என்பாள்.

அன்று காலை திரை முழுக்கப் பச்சை. அதுதான் அவளை உறுத்தியது. இரண்டாவது குளிர் அறையின் வெப்பநிலைக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி காத்திருந்தது. அந்த அறையின் இன்சுலின் பெட்டிகள் அதில் ஏறி மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். அவள் சரி என்றால்தான் லோடு ஏறும்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “எல்லாம் பச்சையா இருக்கே, இன்னும் என்னம்மா யோசனை?”

“அந்தப் பச்சைதான் சார் பயமா இருக்கு. ஆள் போய் வர்ற ரூம்ல கோடு கொஞ்சமாவது ஏறி இறங்கணும். இது செத்தவன் நாடி மாதிரி கிடக்கு.”

“சிவப்புன்னாலும் நிறுத்துவ, பச்சைன்னாலும் நிறுத்துவ. லாரி எப்பத்தான் போறது? லேட்டானா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார். பாத்துட்டு வந்து சொல்றேன்.”

குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கதவுக்குப் பக்கத்தில் சென்சார் இருந்த இடத்தில் வெறும் கொக்கி. சுமை ஏற்றுபவர்களின் மேஸ்திரி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க இருந்த டப்பா எங்க?”

“எந்த டப்பா தங்கச்சி?”

“ஓயாம கத்துமே, அது.”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார். அறையின் கடைக்கோடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. மூடியைத் திறந்தாள். குளிர்ந்த ஜெல் பைகளுக்கு நடுவே, தொட்டிலில் போட்ட பிள்ளையாகக் கிடந்தது சென்சார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று மேஸ்திரியே பேசினார். “கதவைத் தொட்டாலே கத்துது. உடனே மேல இருந்து நீ போன் பண்ற. நாங்க பெட்டி தூக்குறதா, உனக்குப் பதில் சொல்றதா? எங்களை வேவு பாக்குற சனியன்தானேன்னு தூங்க வச்சுட்டோம்.”

சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். கதவு திறந்த நொடியே கத்தும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தானே.

“இது உங்களைப் பாக்கலண்ணே, மருந்தைப் பாக்குது. இதை ஐஸ்ல ஒளிச்சதாலதான் மேல திரையில கோடு ஆடாமக் கிடக்கு. சூடு பட்ட மருந்து பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். ஊசி போட்டுக்கிறவங்க உடம்புலதான் தெரியும்.”

மேஸ்திரியின் முகம் மாறியது. “இப்ப என்ன செய்யணும், சொல்லு.”

ஒவ்வொரு பெட்டியிலும், சூடு பட்டால் கறுக்கும் ஒட்டுத்தாள் உண்டு. ஒன்று விடாமல் பார்க்கத் தொடங்கினார்கள். விரல்கள் விறைத்தன. மேனேஜர் மறுபடி மறுபடி போன் செய்தார். “இன்னும் முடியல சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். வெளிச்சூடு பட்டு, கதவோர வரிசையில் தாள்கள் கறுத்திருந்தன. அந்த வரிசையை அப்படியே ஒதுக்கினாள். மீதியோடு லாரி சாயங்காலம்தான் கிளம்பியது. தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, திரும்பக் கீழே வந்தாள்.

சென்சாரைப் பழைய கொக்கியிலேயே மாட்டினாள். கதவைத் திறந்து மூடினால் இனி கத்தாது, திறந்தே கிடந்தால்தான் கத்தும் என்று மாற்றியிருந்தாள். மேஸ்திரி நம்பவில்லை. திறந்து, ஒரு பெட்டியை உள்ளே வைத்து, மூடிப் பார்த்தார். சத்தமில்லை. அடுத்து, வேண்டுமென்றே மூடாமல் விட்டார். கொஞ்ச நேரத்தில் காது கிழிந்தது.

“ஓயாம கத்துற மாமியாருக்கு இப்பத்தான் நிதானம் வந்திருக்கு” என்றார், சென்சாரைக் காட்டி.

மறுநாள் காலை அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் போன் அடித்தது.

“தங்கச்சி, கோடு ஆடுதா?”

திரையைப் பார்த்தாள். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது கோடு.

“ஆடுதுண்ணே.”

“ஆடட்டும். நாங்க லோடு எடுத்துட்டிருக்கோம்.”